கான்கிரீட்டில் கெமிக்கல் சேர்க்கலாமா? மதுரைப் பக்கம் வீடு கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தளம் போடுவதற்கு முந்தின நாள் ராத்திரிதான் எனக்கு அதிகமாக போன் வரும். திருநகர், கூடல்நகர், ஒத்தக்கடை, திருமங்கலம் என்று இடம் மாறும், கேள்வி மாறாது. “கடைக்காரர் ஒரு கேன் கெமிக்கல் கொடுத்துவிட்டார், ஊற்றலாமா?” என்பார்கள். அந்த நேரத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. சைட்டில் நின்று பார்த்ததையும், தர நிர்ணய நூல்களில் உள்ளதையும் சேர்த்து, கேட்டவர்களின் கேள்விகளை வைத்தே எழுதியிருக்கிறேன்.

கெமிக்கல் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது என்ன பொருள்?

ஒரே பொருள் இல்லை. சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் இந்த நான்கும் போக, கலவையில் விழுகிற எல்லாவற்றுக்கும் சைட்டில் ‘கெமிக்கல்’ என்றே பெயர். சேர்மானம் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். மூட்டைக்கு இத்தனை மில்லி என்று அளந்து ஊற்றும் திரவங்கள் ஒரு வகை. அவற்றில் கலவையை இளக வைப்பது உண்டு, இறுகுவதைத் தள்ளிப்போடுவது உண்டு, சீக்கிரம் இறுக வைப்பது உண்டு, தண்ணீர் ஊறுவதைக் குறைப்பதும் உண்டு. கிலோ கணக்கில் சேர்க்கும் பொடிகள் இன்னொரு வகை: அனல் மின் நிலையத்துச் சாம்பல், இரும்பு உலைக் கசடு, சிலிக்கா ஃபியூம்.

கேனைத் திறக்கும் முன் அது எந்த வேலைக்கானது என்று லேபிளைப் படியுங்கள். இளக்குவதற்கான கேனை வாட்டர் ப்ரூஃப் என்று நினைத்து ஊற்றிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இளக்குவது, தாமதப்படுத்துவது போன்றவற்றுக்கு ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 9103, வாட்டர் ப்ரூஃப் சேர்மானங்களுக்கு ஐ.எஸ். 2645. அந்த எண் கேனில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

எங்கள் மேஸ்திரி முப்பது வருஷமாக கெமிக்கல் இல்லாமல்தான் தளம் போடுகிறார். அந்த வீடெல்லாம் நன்றாகத்தானே நிற்கிறது?

நிற்கிறது. அவர் கைவேலையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கையில் இருந்த பொருள் இப்போது இல்லை. அன்றைக்கு வைகை மணல். உருண்டு தேய்ந்த மணி, கலவைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். இன்றைக்கு எம்-சாண்ட். பாறையை உடைத்து எடுத்ததால் மணிக்கு மூலை முடுக்கு அதிகம், கூடவே நைசான கல்மாவும் வரும். இரண்டும் தண்ணீரை அதிகம் கேட்கும். பழைய கணக்குப்படி தண்ணீர் விட்டால் கலவை முறுக்கிக்கொண்டு நிற்கும்; மம்பட்டி இறங்காது. சித்தாள்களுக்குச் சட்டியைக் கொட்டுவதே கஷ்டம். உடனே “தண்ணி விடுப்பா” என்று குரல் வரும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த இடத்தில்தான் வீட்டின் பலம் குறைய ஆரம்பிக்கிறது.

எம்-சாண்ட் தப்பான பொருள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2016-இல் வந்த ஐ.எஸ். 383 அதை முறையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நல்ல எம்-சாண்டும், குறைந்த தண்ணீரும், அளந்து ஊற்றிய சேர்மானமும் சேர்ந்தால் ஆற்று மணலுக்குச் சளைக்காத கான்கிரீட் கிடைக்கும்.

தண்ணீர் கொஞ்சம் கூடினால் அப்படி என்ன ஆகிவிடும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அந்த வினைக்கும், அதில் உருவாகும் பசையின் நுண்துளைகளில் தங்குவதற்கும் சேர்த்து, சிமெண்டின் எடையில் சுமார் 38 சதவீதம் தண்ணீர் இருந்தால் போதும். 50 கிலோ மூட்டைக்கு 19 லிட்டர். அதற்கு மேல் நாம் விடுவதெல்லாம் கலவை ஓடுவதற்காக, கம்பிக்கு இடையில் இறங்குவதற்காக, கைக்கு வாகாக இருப்பதற்காக. வேலை முடிந்ததும் அந்த உபரித் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அது இருந்த இடம் துளையாக நிற்கும். பலம் குறைவதும், மழைக்கு ஊறுவதும், கம்பி துருப்பிடிப்பதும் இந்தத் துளைகளால்தான்.

கணக்கைப் பாருங்கள். மூட்டைக்கு 25 லிட்டர் விட்டால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.5. அதையே 30 லிட்டர் ஆக்கினால் 0.6. கூடியது 5 லிட்டர்தான், அரைக்குடம்கூட இல்லை. ஆனால் 28 நாள் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை போய்விடும். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்று நாம் போடும் எம்20 கலவைக்கு ஐ.எஸ். 456 மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்சம் என்கிறது. அதிலும் நனைந்த மணலில் இருக்கும் தண்ணீரைக் கழிக்க வேண்டும். ஒரு மூட்டைக் கலவைக்குப் போகும் மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் அதுவே 4 லிட்டர் ஆகிவிடும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் இதை யாரும் கழிப்பதில்லை.

சேர்மானத்தின் முதல் வேலை இந்த உபரித் தண்ணீரைக் கலவையை விட்டு வெளியேற்றுவது. கெமிக்கலையும் ஊற்றி, தண்ணீரையும் பழையபடியே ஊற்றினால் கேனுக்குக் கொடுத்த காசு வீண்.

இளக்கும் கெமிக்கல் தண்ணீரைக் குறைப்பது எப்படி?

கூழுக்கு மாவு கரைக்கும்போது கட்டி தட்டுமே, அதே மாதிரிதான். சிமெண்டுத் துகள்கள் தண்ணீரில் விழுந்ததும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சின்னச் சின்னக் கொத்துகளாகும். ஒவ்வொரு கொத்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் சிறைப்பட்டுக்கொள்ளும். அந்தத் தண்ணீர் கலவையை ஓட வைக்க உதவாது. இளக்கி என்ன செய்கிறது என்றால், துகளின் மேல் போய் ஒட்டிக்கொண்டு ஒரே வகை மின்னேற்றத்தைக் கொடுக்கிறது. ஒரே மின்னேற்றம் உள்ளவை விலகும் அல்லவா? கொத்து பிரிகிறது, உள்ளே இருந்த தண்ணீர் விடுபடுகிறது, புதிதாக ஒரு சொட்டு விடாமலே கலவை இளகிவிடுகிறது.

இதில் மூன்று தலைமுறை உண்டு. மரக்கூழ் ஆலையில் மிஞ்சும் லிக்னோசல்ஃபோனேட் பழையது. 5 முதல் 10 சதவீதம் வரை தண்ணீரைக் குறைக்கும், விலையும் குறைவு. அடுத்து எஸ்.என்.எஃப். எனப்படும் நாஃப்தலீன் வகை, 15 முதல் 25 சதவீதம். இன்றைக்கு ஆர்.எம்.சி. பிளாண்ட்களில், அதாவது கான்கிரீட்டைக் கலந்தே லாரியில் அனுப்பும் இடங்களில், பெரும்பாலும் பி.சி.இ. எனப்படும் பாலிகார்பாக்ஸிலேட். இதன் மூலக்கூறில் சீப்புப் பல் மாதிரி நீண்ட கிளைகள் இருக்கும். அந்தக் கிளைகளே துகள்களை நெருங்க விடாமல் தடுத்துவிடும். 30 சதவீதத்துக்கு மேலும் தண்ணீரைக் குறைக்க முடியும்.

பி.சி.இ.க்கு ஒரு பலவீனம் இருக்கிறது, நம் பக்கத்துக்கு அது முக்கியம். களிமண்ணைக் கண்டால் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சிமெண்டுக்கு மிஞ்சாது. சரியாகக் கழுவாத, மண் கலந்த எம்-சாண்டில் கேன் கேனாக ஊற்றியும் இளகவில்லை என்று புலம்புபவர்களுக்கு இதுதான் காரணம். ஒரு கைப்பிடி மணலைக் கண்ணாடி கிளாஸில் போட்டுத் தண்ணீரில் கலக்கி வையுங்கள். மேலே தடிமனாக வண்டல் படிந்தால் மணலை மாற்றுங்கள்.

மூட்டைக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும்?

லேபிளில் எழுதியிருக்கும் அளவு. தாமதப்படுத்தி, சாதாரண இளக்கி, சூப்பர் இளக்கி ஆகியவற்றுக்குச் சிமெண்ட் எடையில் முறையே 0.5, 1, 2 சதவீதம் என்று ஐ.எஸ். 456 உச்ச வரம்பு வைத்திருக்கிறது. சோதனை செய்து பார்த்து, தயாரிப்பாளரும் கட்டுபவரும் ஒத்துக்கொண்டால்தான் அதைத் தாண்டலாம். 0.5 சதவீதம் என்றால் 50 கிலோ மூட்டைக்கு 250 கிராம். இந்தத் திரவம் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் அளவில் 210 முதல் 230 மில்லி வரும்.

மூடியால், டீ கிளாஸால், கையால் ஊற்றுவது வேண்டாம். கோடு போட்ட அளவு ஜாடி கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. காய்ந்த சிமெண்டின் மேல் நேராகக் கவிழ்க்காதீர்கள். முக்கால் பங்குத் தண்ணீர் விட்டு மெஷின் சுற்றிய பிறகு, மிச்சத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். அதன்பின் இரண்டு நிமிடமாவது சுற்ற வேண்டும். இதற்கென்று ஒரு ஆளை நிறுத்தி, காலையிலிருந்து சாயங்காலம் வரை அவரே ஊற்றட்டும். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

தளம் போட்டு ஒரு நாள் ஆகிவிட்டது, சில இடத்தில் இன்னும் இறுகவில்லை. இடித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பல வருஷத்துக்கு முன்னால் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு முதல் மாடித் தளம். நான்தான் பொறுப்பு. மெஷின் ஓட்டுபவர் ஒரு அளவு ஊற்றியிருக்கிறார். அவர் டீக்குப் போன நேரத்தில் மாற்றாக வந்தவர், ஊற்றவில்லை என்று நினைத்து இன்னொரு அளவு ஊற்றியிருக்கிறார். எத்தனை கலவைக்கு அப்படி நடந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் வடக்கு மூலையில் கால் வைத்தால் பதிந்தது. வீட்டுக்கார அம்மா அழுதேவிட்டார். மேஸ்திரி, “அண்ணே, வாரிக் கொட்டிட்டு மறுபடி போட்டுருவோம்” என்றார்.

அந்தக் கேன் இளக்குவதோடு தாமதமும் படுத்தும் வகை. அளவு கூடினால் சிமெண்ட் கெட்டுப்போவதில்லை, உறங்கிவிடுகிறது. துகளின் மேல் படிந்த சேர்மானம் விலகியதும் வினை மீண்டும் தொடங்கும். அதுவரை தண்ணீர் ஆவியாகிவிடாமல் காப்பாற்றினால் போதும். காப்பாற்றாமல் விட்டால்தான் கெடும். மேற்பரப்பில் ஈரச் சாக்கு விரித்து, அதன் மேல் பாலிதீன் ஷீட் மூடி, யாரும் ஏறாமல் பார்த்துக்கொண்டோம். மூன்றாம் நாள் காலையில் கல் மாதிரி ஆகிவிட்டது. முட்டுகளை மட்டும் வழக்கத்தைவிட அதிக நாள் வைத்திருந்தோம். அன்றைய கலவையில் சோதனைக்காக வார்த்து எடுத்த கியூப்கள் (கான்கிரீட் கட்டிகள்) 28 நாளில் தேவையான பலத்தைக் காட்டின.

ஆனால் ஒன்று: தண்ணீர் தனியாக மேலே நின்று, ஜல்லி தனியாக அடியில் உட்கார்ந்து, கலவையே பிரிந்திருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. மூன்று நாளுக்கு மேலும் இறுகாமல் இருந்தாலும் பொறியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் கருப்பட்டியும் கடுக்காயும் போட்டார்களே. நாமும் போட்டால் என்ன?

மதுரையில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய அந்தப் பூச்சின் வழவழப்பை இன்றைக்கும் தொட்டுப் பார்க்கலாம். காரைக்குடி வீடுகளிலும் அதே மரபு. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சாந்து அரைத்த கொத்தனார்கள் நம் ஊர்களில் இப்போதும் சிலர் இருக்கிறார்கள். சேர்மானம் என்பது நேற்று கேனில் வந்து இறங்கியது இல்லை.

ஆனால் அது சுண்ணாம்பு, இது சிமெண்ட். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, மாதக்கணக்கில் மெதுவாக இறுகுவது. இனிப்பு சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் அதிகமாகக் கரைகிறது, சாந்து இளகுகிறது, பூச்சு இறுக்கமாகிறது. சிமெண்டில் அதே இனிப்பு, துகள்களின் மேல் படிந்துகொண்டு தண்ணீரோடு நடக்கும் வினையைத் தடுக்கிறது. சிமெண்ட் எடையில் 0.05 சதவீதம் சர்க்கரை, அதாவது மூட்டைக்கு வெறும் 25 கிராம், இறுகுவதைச் சுமார் 4 மணி நேரம் தள்ளிப்போடும். 100 கிராமைத் தாண்டிவிட்டால் அந்தக் கலவை இறுகுவதே சந்தேகம். மகாலைத் தாங்குகிற கருப்பட்டிதான் உங்கள் தளத்தைக் கெடுக்கும்.

ஆகவே மிட்டாய்க் கடையிலோ பதநீர் காய்ச்சும் இடத்திலோ வாங்கிய பழைய டிரம்மைக் கழுவாமல் தண்ணீர் பிடிக்க வைக்காதீர்கள். மிஞ்சின டீயை மெஷினில் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவரைப் பழுது பார்க்கிறவர்கள் மட்டும், சிமெண்டை விட்டுவிட்டு, கடுக்காய் நீரோடு சுண்ணாம்பையே பயன்படுத்துங்கள். அந்தச் சுவருக்கு அதுதான் ஒத்துப்போகும்.

சித்திரை வெயிலில் தளம் போடலாமா? வெயிலுக்கு என்று தனி கெமிக்கல் உண்டா?

அழகர் ஆற்றில் இறங்கும் பருவத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. சூட்டில் சிமெண்ட் வேகமாக இறுகும். காலையில் வழுக்கிய கலவை பதினோரு மணிக்கு முரண்டு பிடிக்கும், உடனே தண்ணீர் விடச் சொல்வார்கள். இங்கேதான் தாமதப்படுத்தி உதவும். குளுக்கோனேட் போன்ற பொருள்களைத் துல்லியமாக அளந்து சேர்த்தது அது. சர்க்கரை செய்யும் அதே வேலையை, கட்டுப்பாட்டோடு செய்கிறது.

ஆர்.எம்.சி. லாரியில் வருவதானால் இது இன்னும் அவசியம். ஏற்றிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் கொட்ட வேண்டும் என்பது ஐ.எஸ். 4926 சொல்லும் பொது விதி. தாமதப்படுத்தி சேர்த்திருந்தால் நேரம் நீளும். ரிங் ரோட்டில் நெரிசலில் மாட்டிய லாரிக்குள் டிரைவர் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். எத்தனை மணிக்கு ஏற்றியது, என்ன சேர்மானம் என்பது டெலிவரி சீட்டில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

கெமிக்கல் வெயிலை மறைக்காது. ஜல்லிக் குவியலை முந்தின நாளே நனைத்து நிழலில் வையுங்கள். மொட்டை மாடி சின்டெக்ஸில் கொதிக்கிற தண்ணீரை எடுக்காதீர்கள். விடியற்காலையில் ஆரம்பியுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் போடுங்கள். வைகாசி, ஆனியில் காற்றும் சேர்ந்துகொண்டால் தளத்தின் மேல் மட்டம் போட்ட சில மணி நேரத்திலேயே நூல் நூலாக வெடிக்கும். அது மேல் ஈரம் பறப்பதால் வருவது. மட்டப்பலகை தேய்த்ததும் பாலிதீன் போட்டு மூடினால் பெரும்பாலும் வராது.

சீக்கிரம் இறுகும் கெமிக்கல் போட்டால் சென்ட்ரிங் வாடகை மிச்சமாகுமே?

பழைய நாளில் இதற்குக் கால்சியம் குளோரைடு போட்டார்கள். மலிவு, வேகம். ஆனால் குளோரைடு கம்பியைச் சுற்றியிருக்கும் பாதுகாப்புப் படலத்தை உடைத்துவிடும். சில வருஷத்தில் கம்பி துருவேறிப் பருத்து, தளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து விழும். கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு மொத்தம் 0.6 கிலோ குளோரைடுக்கு மேல் கூடாது. ஒரு கன மீட்டரில் உள்ள 350 கிலோ சிமெண்டுக்கு 1 சதவீதம் கால்சியம் குளோரைடு போட்டாலே, அதிலுள்ள குளோரைடு மட்டும் 2 கிலோவைத் தாண்டிவிடும். வேண்டவே வேண்டாம்.

குளோரைடு இல்லாத முடுக்கிகள் உண்டு; கால்சியம் நைட்ரேட், கால்சியம் ஃபார்மேட் போன்றவை. மதுரை வெப்பத்தில் வீட்டு வேலைக்கு அவை தேவைப்படுவது அபூர்வம். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்பது சாம்பல் கலக்காத சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்கான கணக்கு. சாம்பல் கலந்த சிமெண்டுக்கு அதைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும்.

கடையில் கிடைப்பதெல்லாம் பி.பி.சி. சிமெண்ட். சாம்பலைக் கலந்து ஏமாற்றுகிறார்களா?

இந்தச் சந்தேகம் நியாயமானது, ஆனால் ஏமாற்று இல்லை. ஐ.எஸ். 1489 படி பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃப்ளை ஆஷ் இருக்கலாம்; மூட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். தூத்துக்குடி அனல் மின் நிலையம் போன்ற இடங்களில் நிலக்கரி எரிந்து, புகையோடு பறக்கும்போது பிடித்த நைஸ் சாம்பல் அது. அடுப்புச் சாம்பல் வேறு, இது வேறு.

சாம்பல் எப்படிப் பலம் தரும் என்பதற்கு நமக்குத் தெரிந்த சாட்சி ஒன்று இருக்கிறது. தேனி, மதுரைப் பக்கம் வீடுகளில் பென்னிகுவிக் படம் மாட்டியிருக்கிறோமே, அவர் 1887-இல் தொடங்கி 1895-இல் முடித்த முல்லைப் பெரியாறு அணை சிமெண்டில் கட்டியது இல்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட். சுர்க்கி என்பது சுட்ட செங்கல் பொடி. சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, தண்ணீருக்குள்ளேயே இறுகும் பசையாகின்றன. அந்த அணையின் தண்ணீர் வைகைக்கு வந்துதான் நம் குழாய்க்கும் வயலுக்கும் பாய்கிறது. ஃப்ளை ஆஷ் செய்வதும் அதே வேலைதான். சிமெண்ட் வினைபுரியும்போது உபரியாகச் சுண்ணாம்பு வெளிவரும். அது சும்மா கிடந்தால் வெள்ளைப் பூவாகச் சுவரில் பூக்கும். சாம்பல் அதைப் பிடித்துப் பசையாக்கித் துளைகளை அடைக்கிறது. துகள்கள் உருண்டையாக இருப்பதால் கலவையும் வழுக்கிக்கொண்டு போகும். சூடும் குறைவாகக் கிளம்பும்.

ஒரே நிபந்தனை, பொறுமை. இரண்டாவது வினை மெதுவானது. முதல் வாரத்தில் ஓ.பி.சி.க்குப் பின்தங்கும், ஈரமாக வைத்திருந்தால் 28 நாளுக்குப் பிறகும் பலம் ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் சாம்பலைத் தனியாக வாங்கிச் சேர்க்கலாமா?

பி.பி.சி.யோடு சேர்க்காதீர்கள்; ஏற்கெனவே இருக்கிறது. ஓ.பி.சி.யோடு சேர்ப்பதை ஆர்.எம்.சி. பிளாண்ட் எடை போட்டுச் செய்யும். வீட்டு வாசலில் மம்பட்டிக் கணக்கில் செய்கிற வேலை இல்லை.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. கெமிக்கல் ஊற்றினால் சரியாகிவிடுமா?

ஆகாது. உப்பைப் போக்கும் சேர்மானம் என்று எதுவும் இல்லை. கம்பி போடும் கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது, சல்ஃபேட் 400 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, பி.ஹெச். 6-க்குக் கீழ் போகக்கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். கூடுதல் என்று வந்தால் தளம், தூண், பீம் போடும் நாட்களுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் லாரி சொல்லிவிடுங்கள். நனைப்பதற்கும் உப்புத் தண்ணீர் நல்லதல்ல.

வாட்டர் ப்ரூஃப் திரவம் ஊற்றினால் மாடி ஒழுகாதுதானே?

துளை வழியாக ஊறுவதை அது குறைக்கும். விரிசல் வழியாக ஒழுகுவதை அதால் நிறுத்த முடியாது. ஒழுகும் மாடிகளில் பெரும்பாலானவற்றில் நான் பார்த்தது வெடிப்பு, சரியாக வைப்ரேட்டர் போடாமல் வந்த தேன்கூடு மாதிரி ஓட்டைகள், குழாய் துளைத்த இடம், தண்ணீர் ஓட வாட்டம் இல்லாமை ஆகியவைதான். மூட்டைக்கு 200 மில்லி என்று பல லேபிள்களில் போட்டிருக்கும். அதை ஊற்றுங்கள், தவறில்லை. கழிவறைத் தளம், சம்ப், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு நான் கட்டாயம் சேர்ப்பேன். ஆனால் வாட்டம் பார்க்காத மாடியில் ஐந்து கேன் ஊற்றினாலும் ஐப்பசி மழையில் ஒழுகத்தான் செய்யும்.

தார் ரோட்டில் பிளாஸ்டிக் கழிவு போடுகிறார்களே, கான்கிரீட்டிலும் போடலாமா?

அந்த முறையை நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன்தான் உருவாக்கினார். 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் ஊருக்குப் பெருமை. அங்கே சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் உருகிப் படிந்து, தாரோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டுமே எண்ணெய்ப் பிறவிகள். சிமெண்டில் உருக்கும் சூடும் இல்லை, பிளாஸ்டிக்கில் சிமெண்ட் ஒட்டுவதும் இல்லை. வீட்டுத் தளத்தில் கைபோன போக்கில் பிளாஸ்டிக் துண்டு போட்டால் அந்த இடம் ஓட்டைக்குச் சமம்.

பாக்கெட்டில் விற்கும் ஃபைபர்?

அது வேறு. மெல்லிய பாலிப்ரொப்பிலீன் இழை, பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் நீளம். பூச்சிலும் தரையிலும் முதல் நாள் வரும் நூல் வெடிப்பைக் குறைக்கும். கம்பிக்குப் பதிலாக ஆகாது.

காற்றுக் குமிழி உண்டாக்கும் கெமிக்கல் என்று ஒன்று சொல்கிறார்களே?

உறைபனி பிரதேசத்துக்கானது. துளையில் தண்ணீர் உறைந்து விரியும்போது அந்தக் குமிழிகள் இடம் கொடுக்கும். ஒரு சதவீதம் காற்றுக்குச் சுமார் 5 சதவீதம் பலம் குறையும். மதுரையில் தேவை இல்லை.

கெமிக்கல் போட்டால் தண்ணீர் நனைப்பதைக் குறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

தப்பு. தண்ணீரைக் குறைத்துப் போட்ட கலவைக்கு வெளியிலிருந்து ஈரம் இன்னும் முக்கியம். ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி.க்கும், நம்மைப் போன்ற காய்ந்த சூட்டுப் பகுதிக்கும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. 14 நாள் என்றால் நல்லது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். தூணுக்குச் சாக்கு சுற்றுங்கள். காலையும் மாலையும் ஹோஸ் பிடித்துவிட்டு, மத்தியானம் முழுக்கக் காய விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தூண்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், வீட்டைத் தாங்குவது அவைதான்.

ஊற்றிய கெமிக்கல் வேலை செய்ததா என்று சைட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

பெரிய நாளுக்கு முன்னால் ஒரு சின்னக் கலவை போட்டுப் பாருங்கள். அதே சிமெண்ட், அதே எம்-சாண்ட், அதே கேன். சில சிமெண்டும் சில சேர்மானமும் ஒத்துப்போகாது. அரை மணி நேரத்தில் கலவை திடீரென்று விறைத்துவிடும். அது தளத்தின் நடுவில் தெரிவதைவிட முந்தின வாரமே தெரிந்தால் நல்லது.

ஸ்லம்ப் கூம்பு ஒன்று வாடகைக்கு எடுங்கள்: 300 மில்லிமீட்டர் உயரம், அடிப்பக்க விட்டம் 200 மில்லிமீட்டர், தலைப்பக்க விட்டம் 100 மில்லிமீட்டர். அடுக்கடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தி, கூம்பை நேராகத் தூக்கினால் கலவை எவ்வளவு உட்காருகிறது என்று பார்க்கலாம். கையால் போடும் வீட்டுத் தளத்துக்கு 75 முதல் 100 மில்லிமீட்டர் உட்கார்ந்தால் போதும். சேர்மானம் இல்லாமல் ஒரு தடவை பாருங்கள். பிறகு சேர்மானத்தோடு, மூட்டைக்கு 3 லிட்டர் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு உட்கார்ந்தால் கேன் தன் வேலையைச் செய்கிறது. மேஸ்திரியையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள்; கண்ணால் பார்த்தவர் அதன்பின் தண்ணீர் கேட்பதில்லை.

தளம் போடும் அன்றைக்கு 150 மில்லிமீட்டர் கியூப் மோல்டில் ஆறு எடுத்து வையுங்கள், மூன்று 7 நாளுக்கு, மூன்று 28 நாளுக்கு. மறுநாள் மோல்டைக் கழற்றியதும் அழியாத பெயிண்டில் தேதியும் எந்த இடத்துக் கலவை என்பதும் எழுதி, சோதனைக்குப் போகும் நாள் வரை தண்ணீரில் மூழ்க வையுங்கள்.